பெயர் மாற்றாத வண்டி

வண்டியை விற்ற அன்று வாசலில் இருந்தவர்கள்.

உக்கடத்துப் புரோக்கர். வெள்ளைச் சட்டை, அக்குளில் தோல் பை.

அவர் கூட்டி வந்த மெக்கானிக். உதைத்துப் பார்த்தார், குனிந்து காது கொடுத்துக் கேட்டார், தலையை ஆட்டினார்.

பக்கத்து வீட்டு அக்கா. பிழிந்த துணியைத் தோளில் போட்டபடி நின்றார்.

நான்.

என் மனைவி இல்லை. அவள் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. மஞ்சள் காமாலை. பதினோரு நாள் ஆஸ்பத்திரி.

வண்டி நீல ஸ்கூட்டர். இரண்டு பேரும் சேர்ந்து சீட்டுப் போட்டு வாங்கியது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் அந்த வண்டியில் என்றைக்கும் இரண்டு பேர்தான். பின்னால் உட்காருகிற பெண்கள் கால் வைக்க இடது பக்கம் ஒரு கம்பி இருக்கும். அவள் குள்ளம். கால் எட்டாமல் தொங்கும். பட்டறையில் கொடுத்து அந்தக் கம்பியை மூன்று விரல் மேலே ஏற்றி வெல்டிங் வைத்திருந்தேன்.

மெக்கானிக் அதைக் காலால் தட்டினார். "இதென்னுங்க, இத்தன மேல இருக்குது?"

"ஊட்டுக்காரிக்கு எட்டாதுங்க" என்றேன்.

அவர் காலை எடுத்துக்கொண்டார்.

புரோக்கர் பையிலிருந்து ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஃபாரங்களை எடுத்தார். எல்லாம் வெறும் ஃபாரம். வாங்குகிறவர் பெயர் இல்லை, தேதி இல்லை.

"அஞ்சு செட்டுப் போட்டுருங்க."

"அஞ்சு எதுக்குங்க?"

"கை மாறுறப்ப ஆளுக்கு ஒண்ணு வேணுமல்லங்க. பேர் மாத்துனா செகண்ட் ஓனர்னு ஆர்.சி. புக்குல ஏறிரும். வெல எறங்கிரும். மாத்தாம இருந்தா எத்தன கை போனாலும் சிங்கிள் ஓனர் வண்டிதான். இங்க எல்லாருமே அப்படித்தானுங்க. இல்ல, பேர் மாத்தியே ஆவோணும்னா சொல்லுங்க, ரெண்டு நாள்ல மாத்திப்போடலாம்."

"இருக்கட்டும்ங்க" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார்.

செட்டுக்கு மூன்று. பதினைந்து கையெழுத்து. ஸ்கூட்டர் சீட்டின் மேல் காகிதத்தை வைத்துத்தான் போட்டேன்.

நான் மில் வேன் டிரைவர். எடுக்கும்போதும் விடும்போதும் மீட்டர் பார்த்து டிரிப் ஷீட்டில் எழுத வேண்டும். அந்தப் பழக்கத்தில் வண்டி வாசலைத் தாண்டும் முன் குனிந்து பார்த்தேன். 18,206. உள்ளே போய் காலண்டரில் எழுதினேன். அந்தக் காலண்டரை அடுத்த வருஷமும் கழற்றவில்லை.

*

மூன்று வருஷம் கழித்து சம்மன் வந்தது.

தபால்காரர் என் வாசலில் நிற்கிறவர் அல்ல. எனக்கு எழுத ஆள் கிடையாது. அன்றைக்கு நின்றார்.

"ஏனுங்க, ஒங்களுக்குக்கூடத் தபால் வருதுங்களே!" என்று சிரித்தார். உறையைத் திருப்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "கோர்ட்டுங்க. கையெழுத்துப் போடுங்க."

இப்போது ரோட்டில் கம்பத்துக்குக் கம்பம் கேமரா. தப்புச் செய்தால் செல்லுக்குப் படம் வந்துவிடுகிறது. யார் ஓட்டினார்கள் என்று படத்தைப் பார்த்தாவது சொல்லலாம். அப்போது படம் கிடையாது. போலீஸ்காரர் நோட்டில் நம்பரை எழுதிக்கொள்வார். நம்பரைக் கொண்டு பெயரைக் கண்டுபிடிப்பார்கள். பெயர் யாருடையதோ அவருக்குச் சம்மன். அவர் ஓட்டவில்லை என்றால் ஓட்டியது யார் என்று அவர்தான் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் குற்றம் அவர் தலையில்.

சம்மனை மூன்று தடவை படித்தேன். தாராபுரத்தில் அமராவதிப் பாலத்துக்குப் பக்கத்தில், என் வண்டி, மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, காவலர் கை காட்டியும் நிற்காமல் போனது.

மூன்று பேர் என்ற இடத்தில் என் கண் நின்றது.

காட்ட ஆள் இல்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். கோர்ட்டுக்குப் போக லீவு வேண்டும். லீவு வேண்டுமானால் டைம் ஆபீஸில் காரணம் சொல்ல வேண்டும். சொன்னேன்.

டைம் ஆபீஸ்காரர் என்னைவிட வயதில் சின்னவர். நல்ல மனிதர். படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"முன்னாடி இருந்த டிரைவர் விஷயத்துல மொதலாளி பட்டுருக்கறாருங்க. கேஸ் இருக்கற ஆளு பொம்பளைப் புள்ளைங்க வண்டிய எடுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்கறாரு. ஓட்டுனது நீங்க இல்லைன்னு கோர்ட்டுல பேப்பர் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் சாவிய ஆணியில மாட்டிருங்க."

"வாங்க முடியலீன்னாங்க?"

"கேட்டுல வாட்ச்மேன் வேலை இருக்குதுங்க. பாக்கறேன்."

சாவியை ஆணியில் மாட்டினேன்.

வாட்ச்மேன் வேலை கௌரவக் குறைச்சல் என்று நான் நினைக்கவில்லை. சம்பளமும் பெரிதாகக் குறையாது. ஆனால் வேனில் பதினெட்டுப் பெண்கள் வருவார்கள். ஏறியதிலிருந்து இறங்குகிறவரை பேச்சு. யார் வீட்டு மாடு கன்று போட்டது, யாரைப் பெண் பார்க்க வந்தார்கள், எந்த சூப்பர்வைசர் எப்படி நடக்கிறான், எல்லாம் என் முதுகுக்குப் பின்னால் நடக்கும். என்னிடம் யாரும் பேசமாட்டார்கள். "டிரைவரண்ணா, நிறுத்துங்க" என்பது ஒன்றுதான். எனக்கு அது போதும். வீட்டில் ரேடியோவும் இல்லை. ஒரு நாளில் நான் கேட்கிற மனிதச் சத்தம் அவ்வளவுதான்.

கோர்ட்டுக்குப் பத்து நாள் இருந்தது. அதற்குள் ஓட்டிய ஆளைக் கண்டுபிடித்தால் வேன். இல்லாவிட்டால் கேட்.

*

உக்கடத்தில் புரோக்கர் அதே இடத்தில் இருந்தார்.

"அட, வாங்க வாங்க. என்னுங்க இப்படி எளைச்சுப்போட்டீங்க? மறுபடி வண்டி பாக்கலாமுங்களா?"

சம்மனை நீட்டினேன்.

"தாராபுரமா? நாங் குடுத்தது கொடுமுடிக்குங்க. கோயில் பக்கம் தேங்கா பழக் கடை வெச்சிருக்கறவரு. அவரு கைமாத்தி உட்டுருப்பாரு."

"அவரும் பேர் மாத்தலீங்களா?"

"நீங்கதானுங்க இருக்கட்டும்னீங்க."

அது உண்மை. சிகரெட் அட்டையில் கடை அடையாளம் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் ஈரோடு போய் பஸ் மாறி கொடுமுடியில் இறங்கினேன். கடைக்காரர் தேங்காய் அடுக்கிக்கொண்டிருந்தார். கொடுமுடிக்குத் தனியாக வருகிற ஆண் எதற்கு வருவான் என்று அவர்களுக்குத் தெரியும். ஆற்றங்கரையில் திதி கொடுக்க.

"வாங்க. காரியத்துக்குங்களா? ஐயரு சொல்லட்டுங்களா?"

"இல்லீங்க" என்று வண்டி நம்பரைச் சொன்னேன். பிறகு என் பெயரைச் சொன்னேன்.

அவர் கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தார். என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"நீங்களா? எறந்துட்டீங்கன்னு சொன்னாரேங்க!"

"யாருங்க?"

"புரோக்கருங்க. ஓனர் எறந்துட்டாரு, பேர் மாத்தப் போனா வாரிசு சர்ட்டிபிகேட்டு அது இதும்பாங்க, கையெழுத்துப் போட்ட பேப்பர் இருக்குது, அப்படியே ஓட்டுங்கன்னு."

"எறந்தது நானில்லீங்க" என்றேன்.

அவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். எதிர்க்கடையைப் பார்த்து, "ஒரு காப்பி, ஸ்ட்ராங்கா" என்றார்.

காப்பி குடித்து முடிக்கும்வரை அவர்தான் பேசினார். ரெண்டு வருஷம் ஓட்டினாராம். வண்டியைக் கெடுக்கவில்லையாம். மீட்டர் கேபிள் அறுந்தபோது மறுநாளே புதிது போட்டாராம்.

"பஸ் ஸ்டாண்டுல ஏட்டையா நிறுத்தி புக்கக் கேப்பாருங்க. படிச்சுப் பாத்துட்டு ஒங்க பேரச் சொல்லிக் கூப்புடுவாரு. நானும் 'ஏனுங்கய்யா'ன்னு போய் நிப்பேன். அதக் கேட்டுக் கேட்டு இங்க கடைவீதியில பாதிப் பேரு எனக்கு அந்தப் பேரே வெச்சுப்போட்டாங்க. இன்னிக்கும் கூப்புடறானுங்க, கிண்டலுக்கு."

சொல்லி வைத்தது போல் எதிர்க்கடைக்காரர் டம்ளர் எடுக்க வந்தார். என் பெயரைச் சொல்லி, "இன்னொரு காப்பி வேணுங்களா?" என்று அவரைக் கேட்டார்.

எனக்கு ஒரு மாதிரி இருந்தது. மில்லில் நான் டிரைவரண்ணா. பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தம்பி. அவள் இருந்தபோதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "ஏனுங்க" என்பாள். என் பெயரை யாராவது வாய்விட்டுச் சொல்லி எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. கொடுமுடியில் தினமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"யாருக்குங்க குடுத்தீங்க?"

"தாராபுரத்துல ஒரு பாய்ங்க. பஞ்சு மெத்தை தைக்கறவரு. நல்ல மனுசன். ஓனர் எறந்துட்டாருன்னு நானும் சொல்லித்தான் குடுத்தேன். மன்னிச்சுக்கோங்க."

*

வெள்ளக்கோயில் வழியாகத் தாராபுரம் போனபோது மூன்று மணி. மெத்தைக் கடை பாயின் வீடேதான். முன்பக்கம் பஞ்சு, பின்பக்கம் குடும்பம். அவருடைய மனைவி வந்து நின்றார்.

நம்பரைச் சொன்னேன்.

"அப்படி வண்டி இங்க இல்லீங்க."

"பாய் இருக்காருங்களா?"

"அவரும் இல்லீங்க."

உள்ளே பஞ்சு அடிக்கிற சத்தம் நின்றது.

சுவரோரம் மெத்தைகள் அடுக்கியிருந்தன. அதற்குப் பின்னால் எதன் மேலோ பெரிய உறை போர்த்தியிருந்தது. உறை கீழே வரை எட்டவில்லை. அடியில் ஒரு கம்பி தெரிந்தது. இருக்க வேண்டிய இடத்துக்கு மூன்று விரல் மேலே இருந்தது. வெல்டிங் வைத்த இடத்தில் அதே முடிச்சு.

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் வண்டியக் கேட்டு வரலீங்க அம்மணி" என்றேன். "வித்தது வித்ததுதான். வண்டி என்னுது இல்ல. கோர்ட்டுல வந்து ஓட்டுனது யாருன்னு மட்டும் சொன்னாப் போதுமுங்க."

உள்ளேயிருந்து ஒரு கிழவி எட்டிப் பார்த்தார். பாயின் மாமியார். "யாரு புள்ள?"

மகள் மெதுவாகச் சொன்னார். கிழவிக்குக் காது மந்தம். சத்தமாகவே கேட்டார். "எறந்துபோனவரா? இங்கயா? செத்தவங்களுக்குத் தாகம் எடுக்கும்பாங்களே, தண்ணி கேட்டாரா?"

பாய் பஞ்சுத் தலையோடு வெளியே வந்தார். அவருக்கு வெட்கம். முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. புக்குல ஒங்க பேரு. ஒங்க சொந்தக்காரங்க யாராச்சும் ஒரு நாளைக்கு வந்து எங்கப்பா வண்டின்னு எடுத்துட்டுப் போயிருவாங்கன்னு இவளுக்குப் பயம். எங்க மூணு பேருக்கும் கால் அதுதானுங்க. நீங்களே வந்து நின்னதும்…"

"எனக்குச் சொந்தக்காரங்க இல்லீங்க" என்றேன். "அன்னைக்கு ஓட்டுனது நீங்கதானுங்களா?"

"நாந்தானுங்க. கலியாணத்துக்குப் போனோம், மூணு பேரும். போலீசு கை காட்டுனது சத்தியமா எனக்குத் தெரியலீங்க. பின்னாடி இருந்தது எங்க மாமி. அவங்களுக்குத்தான் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் அவங்க சொல்லலீங்க?"

கிழவிக்கு இது மட்டும் கேட்டது. "நான் என்னத்தக் கண்டேன் தம்பி? யாரோ தெரிஞ்ச புள்ளையாட்டம் கைய ஆட்டுச்சு. கலியாண ஊட்டு ஆளாக்கும்னு நானும் கைய ஆட்டுனேன்."

மகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பாய் தலையில் அடித்துக்கொண்டார். "அந்தக் கோவத்துலதாண்ணா அவரு நம்பர எழுதிருக்காரு."

நான் சிரித்தேன்.

பாய் கேட்டார். "கோர்ட்டுக்கு வாரேனுங்க. அங்க வண்டி யாருதுன்னு கேட்டா என்ன சொல்லட்டுங்க?"

"உங்களுதுன்னு சொல்லுங்க. நானும் சொல்றேன்."

"அப்ப பேர் மாத்திக் குடுப்பீங்களாண்ணா? இனி விக்கற எண்ணமில்லீங்க. எத்தனாவது ஓனரா இருந்தா என்ன?"

அவர் கேட்டது நியாயம். அவர் கோர்ட்டுக்கு வரவில்லை என்றாலும் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் இதைக் கேட்டார்.

கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாத்திக்கலாமுங்க" என்றேன்.

*

தாராபுரம் கோர்ட் அரை மணி நேரத்தில் முடிந்தது. போலீஸ்காரர் நின்று சொன்னார். "கை காட்டினேன் ஐயா. பின்னாடி இருந்த அம்மா எனக்குக் கை காட்டிட்டுப் போயிட்டாங்க." வக்கீல்கள் சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்காமல் பேனாவை மூடித் திறந்தார்.

பாய் கூண்டில் ஏறி, ஓட்டியது தான் என்றார். அபராதம் போட்டார்கள். கட்டினார்.

பிறகு ஜட்ஜ் என்னைப் பார்த்தார்.

"வண்டிய வித்தா பேர் மாத்தணும்னு தெரியாதா? நீங்களே டிரைவர்."

"தெரியுங்க."

"அப்புறம் ஏன் மாத்தல?"

புரோக்கர் மாற்றித் தருகிறேன் என்றுதான் சொன்னார். இருக்கட்டும் என்று சொன்னது நான். ஆர்.சி. புக்கில் என் பெயருக்குக் கீழே எங்கள் வீட்டு விலாசம் இருந்தது. வண்டி அவளும் நானும் வாங்கியது. வண்டி போகட்டும், பெயர் இருக்கட்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. இதைக் கோர்ட்டில் எப்படிச் சொல்வது?

"தப்புதானுங்க" என்றேன்.

ஒரு மாதத்துக்குள் மாற்றச் சொன்னார். ஓட்டியது நான் அல்ல என்று எழுதிய பேப்பர் கைக்கு வந்தது. அதை மடித்துப் பையில் வைத்து, மேலே தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அந்தப் பேப்பர்தான் இனி வேன் சாவி.

வெளியே மரத்தடியில் மனு எழுதுகிற ரைட்டர் உட்கார்ந்திருந்தார். பாயிடம் நான் அன்று கையெழுத்துப் போட்ட ஃபாரம் செட் ஒன்று மிச்சம் இருந்தது. மாமியாரின் தகரப் பெட்டியில் வைத்திருந்தார்களாம், நாலாய் மடித்து. ரைட்டர் அதையும் கோர்ட்டில் அன்று நான் போட்ட கையெழுத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே ஆள் போட்டதுங்களா?"

"ஆமாங்க."

"சேராதுங்க. ஆபீசுல திருப்பிப்போடுவாங்க."

நானும் பார்த்தேன். அவள் போய் மூன்று மாதத்தில் போட்டது. கோடு கீழே கீழே இறங்கி, கடைசி எழுத்து ஃபாரத்தின் கட்டத்துக்கு வெளியே போயிருந்தது. பதினைந்தும் அப்படித்தான் இருந்திருக்கும்.

புது ஃபாரத்தில் போட்டேன். இந்தத் தடவை வாங்குகிறவர் பெயர் எழுதியிருந்தது, தேதி எழுதியிருந்தது. கையெழுத்து நேராக வந்தது. பழையதை ரைட்டர் கிழித்துக் கீழே போட்டார்.

"வாங்கண்ணா, பஸ் ஸ்டாண்டுல உட்டுடறேன்" என்றார் பாய்.

பின்னால் உட்கார்ந்தேன். அந்த வண்டியில் நான் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. இடது காலைக் கம்பியில் வைத்தேன். முட்டி மேலே வந்துவிட்டது. எனக்கு அது உயரம் சரியில்லை. காலை எடுக்கவில்லை. முன்னால் பாயின் பின்னந்தலை, காதோரம் ஒட்டிய பஞ்சு. தோளுக்கு மேலாக மீட்டர் தெரிந்தது. அவள் இங்கேயிருந்துதான் எட்டிப் பார்த்து, "நாப்பதுக்கு மேல போவாதீங்க" என்று முதுகில் தட்டுவாள். பாலம் வந்தது. அன்றைக்கு நின்ற இடத்தில் வேறு போலீஸ்காரர் நின்றார். பாய் அவரைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தார்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன்.

"ஊட்டுக்கு ஒரு நாளைக்கு வாங்கண்ணா. மாமி சொல்லச் சொன்னாங்க."

"வாரேனுங்க" என்றேன். பிறகு போகவில்லை.

அவர் கிளப்பும் முன் குனிந்து மீட்டரைப் பார்த்தேன். 39,871.

கோயமுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காலண்டரில் எழுதிய 18,206ஐ டிக்கெட்டின் பின்பக்கம் கழித்துப் பார்த்தேன். நான் போகாத ரோடுகளில் என் பெயர் போன தூரம்.

21,665.